தெருமுனை வேகத்தடையில் தொடங்கிய கணக்கு: ஏர் சஸ்பென்ஷனா, காயிலோவரா?

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வண்டி நடமாட்டம் தொடங்கும் முன், டேப்பும் ஒரு மரச்சட்டமும் எடுத்துக்கொண்டு போய் அதை அளந்தேன். உயரம் 11 செ.மீ., அகலம் 70 செ.மீ. பால் வாங்கப் போன பக்கத்து வீட்டு அக்கா நின்று, "என்ன கண்ணு அளக்கற?" என்று கேட்டார். "காருக்குங்க்கா" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. ஐஆர்சி 99 என்ற அந்த விதிப்படி உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போல மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2.46 மீட்டர். விதிப்படி கட்டிய மேட்டின் நடுவில் நின்றால் நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். வண்டியின் வயிற்றுக்கு அடியில் மேடு எழும்புவது நாலரை செ.மீ.தான். எங்கள் தெரு மேட்டிலோ முன் சக்கரம் இறங்கி வெகுதூரம் போன பிறகுதான் பின் சக்கரம் ஏறும். நடுவில் 11 செ.மீ. மேடும் முழுசாக வயிற்றுக்கு அடியில் நிற்கும். ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகளில் வண்டியை நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனா, உயரத்தைத் திருகி மாற்றும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த காயிலோவரா என்று ஒன்றரை வருடம் யோசித்ததில், எனக்கு முதலில் தெளிவாகக் கிடைத்த எண் இந்த 11தான்.

வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்ற ஆசை மட்டும் காரணமில்லை. 80,000 கி.மீ. ஓடியிருந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து, தூசி படிந்து கறுத்திருந்தன. ஆழியாறு தாண்டி வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாதையை நான் மாதம் ஒருமுறையாவது ஓட்டுகிறேன். வளைவில் ஒரு சின்னப் பள்ளம் வந்தால் பின்பக்கம் ஒருமுறை எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பி, அதற்குப் பிறகுதான் அடங்கும். எப்படியும் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது எதை மாட்டுவது என்பதுதான் கேள்வி.

வீட்டில் முதலில் இதைக் கேட்டது பெரிய மாமா. அவர் கோயம்புத்தூர் – சென்னை ஆம்னி பஸ் ஓட்டியவர். 'ஏர் பஸ்' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த வண்டி. விமானம் செய்யும் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏர் சஸ்பென்ஷன் வைத்த பஸ் என்பதால் அந்தப் பேர். இரும்புப் பட்டைகளை அடுக்கிய பழைய இலைப்பட்டை ஸ்பிரிங்கில் ஓடிய பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு, அந்த இரண்டு சொற்களுக்கு ஏன் கூடுதலாகக் காசு கொடுத்தோம் என்று தெரியும்.

நான் ஏர் சஸ்பென்ஷன் என்றதும் மாமா கேட்டார்: "பஸ்ஸுல காத்துக்குப் பஞ்சமில்ல கண்ணு. பிரேக்குக்கே காத்து வேணும், எஞ்சின்லயே கம்ப்ரஸர் சுத்திட்டு இருக்கு. அதுல கொஞ்சம் பெல்லோஸுக்கு, எடையத் தாங்கற ரப்பர் பைக்குப் போகுது. உங் கார்ல காத்து எங்கிருந்து வரும்?"

இந்த விஷயத்தில் என்னிடம் மற்றவர்கள் கேட்ட கேள்விகளில் மிகச் சரியானது இதுதான். பஸ்ஸில் காற்று ஏற்கெனவே இருக்கிறது. டேங்க், குழாய், வால்வு, பார்த்துப் பழகிய மெக்கானிக் எல்லாம் இருக்கிறார்கள். அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி, அதன் முனையில் ஒரு வால்வு. ஆள் ஏறினால் பாடி இறங்கும், கம்பி சாயும், வால்வு திறந்து பெல்லோஸில் காற்றை ஏற்றும். பாடி பழைய உயரத்துக்கு வந்ததும் மூடிக்கொள்ளும். ஆள் இறங்கினால் காற்றை வெளியே விடும். பஸ் நிறுத்தத்தில் 'புஸ்' என்று கேட்கிறதே, அதில் ஒரு பங்கு இந்த வால்வுக்கு உரியது.

மாமா தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து டேங்கின் அடி வால்வை இழுத்துவிடுவார். சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பழுப்பாக, எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஒரு பீய்ச்சு. அதற்குப் பிறகு வெறும் காற்று. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தங்கிவிடும். அது குழாய்க்குள் போனால் வால்வைக் கெடுக்கும். காரில் வைத்தாலும் இதே கதைதான். கடலோர ஊர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பஸ்ஸுக்குக் காற்று ஏன் இவ்வளவு பொருந்துகிறது? சுமை மாறுவதால். எந்த ஸ்பிரிங்கும் எடையைத் தாங்கும்போது எத்தனை மி.மீ. அமுங்கி நிற்கிறதோ, அதை வைத்தே வண்டி வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். 250 மி.மீ. அமுங்கினால் வினாடிக்கு ஒரு ஆட்டம். 62 மி.மீ. என்றால் இரண்டு. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் சொகுசு, இரண்டைத் தொட்டால் ரேஸ் வண்டிக்கு நெருக்கம். ஸ்டீல் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. சுமை கூடினால் கூடுதலாக அமுங்கும், ஆட்டத்தின் வேகம் குறையும், உயரமும் குறையும். காற்றில் அப்படியில்லை. சுமை கூடினால் அழுத்தத்தைக் கூட்டுகிறோம். அழுத்தம் கூடினால் விறைப்பும் ஏறக்குறைய அதே அளவு கூடுகிறது. காலி பஸ்ஸும் நிறைந்த பஸ்ஸும் ஒரே மாதிரி மிதக்கும். இரும்பால் செய்ய முடியாத ஒன்றைக் காற்று செய்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

ஆகவே ஏர் சஸ்பென்ஷன் வெறும் பகட்டு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திருப்பூரில் இருக்கும் நண்பன் அவனுடைய எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக்கில் ஏர் வைத்திருக்கிறான். டிக்கியைத் திறந்தால் இரண்டு கம்ப்ரஸர், 19 லிட்டர் டேங்க், நடுவில் மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளை அடுக்கிய மேனிஃபோல்டு, அங்கிருந்து நான்கு சக்கரத்துக்கும் போகும் நைலான் குழாய்கள். ஸ்டெப்னிக்கு இடமில்லை. முன் இருக்கையில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னக் கன்ட்ரோலர். ஒரு பட்டனை அமுக்கினால் வண்டி மண்டியிடும், இன்னொன்றை அமுக்கினால் எழுந்து நிற்கும். எங்கள் தெருவுக்கு வந்தபோது வேகத்தடைக்கு முன் உயர்த்தினான், தாண்டினான், இறக்கினான். அந்த 11 செ.மீ. அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்த வண்டியில் வால்பாறை வரை போய் வந்தோம். போகும்போது பாதி தூரம் நான் ஓட்டினேன். ஏர் என்றால் தொளதொளவென்று சாயும் என்ற பேச்சை இன்னும் கேட்கிறேன். அது இந்த வண்டிக்குப் பொருந்தாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கொண்டை ஊசிகளில் கச்சிதமாகத் திரும்பியது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், ஏர்தான் வாங்கப் போகிறேன் என்று அவனிடம் சொல்லியும்விட்டேன்.

திரும்பும்போது வால்பாறையில் இரண்டு உறவினர்களும் அவர்களுடைய பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. பின்பக்கம் இறங்கியது. அவன் அழுத்தத்தைக் கூட்டி உயரத்தைச் சரிசெய்தான். வெளியில் இருந்து பார்த்தால் வண்டி அதே நிலையில் நின்றது. ஆனால் கீழே இறங்கும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் பின்பக்கம் ஒரு துள்ளல் கூடுதலாகத் துள்ளியது. என் பழைய போலோவில் கசிந்த ஷாக்கோடு நான் அனுபவித்த அதே துள்ளல். அவனுடைய ஷாக்குகள் புதியவை. ஒன்றும் கசியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இதையே யோசித்தேன். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் வண்டி ஒழுங்காக நடக்கும். சுமை ஒன்றரை மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஷாக்கை யாரும் தொடவில்லை. ஸ்டீல் ஸ்பிரிங் வண்டியில் ஆட்டத்தை அடக்கும் திறன் சுமார் 18 சதவீதம் குறையும். காற்று வண்டியில், ஸ்பிரிங்கும் சேர்ந்து விறைத்துக்கொள்வதால், மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றின் பெருமை எதுவோ அதுவே ஷாக்கின் வேலையைக் கடினமாக்குகிறது. நண்பன் உயரத்தைத்தான் சரிசெய்தான், ஷாக்கின் இறுக்கம் பழைய அளவிலேயே இருந்தது. அது முன் இருக்கையில் உட்கார்ந்து பட்டனை அமுக்கி மாற்றும் விஷயமில்லை. வண்டிக்கு அடியில் கை விட வேண்டும்.

1998இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏர்மேட்டிக் என்ற ஏர் சஸ்பென்ஷனை வைத்தபோது, அதோடு தானாக இறுகித் தளரும் ஷாக்கையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். கார் கம்பெனிகளின் ஏர் சஸ்பென்ஷன் அருமையாக இருப்பதற்கும், நாம் வெளியில் வாங்கி மாட்டும் கிட் அதே அனுபவத்தைத் தராததற்கும் நடுவில் உள்ள தூரம் பெரும்பாலும் இந்த ஷாக்கில் இருக்கிறது. சென்ஸார், கணினி, ஷாக் மூன்றும் ஒன்றாகப் பிறந்தவை. அந்த வண்டியை வாங்குகிறவர் அந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்ட்ரோலரிலும் இரண்டு வகை உண்டு. அழுத்தத்தை மட்டும் பார்க்கும் வகை, உயரத்தையும் பார்க்கும் வகை. அமெரிக்காவின் ஏர் லிஃப்ட் கம்பெனியில் 3பி என்பது முதல் வகை, 3ஹெச் இரண்டாவது. அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலரில் 60 பிஎஸ்ஐ என்று சேமித்து வைத்தால், தனியாக ஓட்டும்போது ஒரு உயரம், நான்கு பேர் ஏறினால் வேறு உயரம். சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் ஒரு உயரத்துக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். அந்த உயரத்தைவிடத் தாழ்ந்து ஓடினால் டயர் உள்பக்கமாகத் தேயும். ஏர் வாங்குவதாக இருந்தால் உயரத்தைப் பார்க்கும் வகைக்குக் குறைந்து வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விலையைப் பார்த்து முதலில் வெட்டுவது இதைத்தான்.

அந்தத் தையில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். முந்தின இரவே போய்ச் சேர்ந்துவிட்டோம். காலையில் மண்டப வாசலில் வந்து பார்த்தால் சிவிக்கின் வலது பின் மூலை டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருகியதும் கம்ப்ரஸர் ஓடி ஏற்றியது. இருபது நிமிடத்தில் மறுபடி இறங்கியது. சமையல்கட்டில் பாத்திரம் விளக்கும் சோப்பை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து வாங்கி வந்தேன். பட்டுப் புடவையோடு ஒரு சாக்கை விரித்து மண்டியிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரை விரலால் தடவிக்கொண்டே வந்தோம். பெல்லோஸில் குழாய் நுழையும் இடத்தில், கடுகு கடுகாக, விடாமல் நுரை பொங்கியது. குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. மாட்டிய கடையில் யாரோ கத்தரிக்கோலால் வெட்டியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து, பத்து மாதம் தாக்குப்பிடித்து, கடைசியில் விட்டுவிட்டது. புது பிளேடால் நேராக அரை செ.மீ. வெட்டி உள்ளே தள்ளியதும் நுரை நின்றது. பழுது அவ்வளவுதான். ஆனால் தாலி கட்டும்போது நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இல்லை.

இந்தக் கதை புதிதில்லை. 1957இல் கேடிலாக் எல்டொராடோ பிராம் என்ற காரில் நான்கு சக்கரத்துக்கும் காற்று ஸ்பிரிங் வைத்து விற்றார்கள். கசிவு தீராமல், அந்தக் காரின் உரிமையாளர்களில் பலர் காற்றைக் கழற்றிவிட்டு ஸ்டீல் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். 1990களின் ரேஞ்ச் ரோவர்களிலும் அப்படி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அன்றைய ரப்பரும் வால்வும் இன்றையதைவிட மட்டமானவை என்பதும் உண்மை. இன்றைய பெல்லோஸ் மேல் எனக்குக் குறையில்லை. பெல்லோஸுக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு இணைப்பையும் ஒரு மனிதர் கையால் செய்கிறார், அவர் அன்று எவ்வளவு பொறுமையாக இருந்தார் என்பதை நம்பித்தான் வண்டி நிற்கிறது. ஏர் மாட்டும் கடையைத் தேர்ந்தெடுப்பது கிட்டைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய முடிவு.

இனி காயிலோவர். பேர் பெரிதாக இருக்கிறது, விஷயம் எளிது: ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங். சாதாரணக் காரின் முன் ஸ்ட்ரட்டும் அப்படித்தான் இருக்கும். காயிலோவரில் ஷாக்கின் உடலில் மரை வெட்டியிருக்கும், உயரத்தைத் திருகி மாற்றலாம். நல்ல வகையில் ஷாக்கின் இறுக்கத்தையும் கிளிக் கிளிக்காக மாற்றலாம். ஜெர்மனியின் கேடபிள்யூ, பில்ஸ்டைன், சுவீடனின் ஓலின்ஸ், ஜப்பானின் டெயின், தைவானின் பிசி ரேசிங் என்று பேர்கள் நிறைய. போலோவின் பின்பக்கம், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமான டார்ஷன் பீம் என்பதால் அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாகவே உட்காரும். பேருக்குத்தான் நான்கு காயிலோவர்.

இதில் பலருக்கும் வரும் குழப்பம் ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைத் திருகி மேலேற்றினால் ஸ்பிரிங் விறைக்கும் என்று நினைக்கிறார்கள். விறைக்காது. என் முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 320 கிலோ உட்காருகிறது. ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 4 கிலோ வேண்டும். ஆக 80 மி.மீ. அமுங்கி நிற்கும். ஜாக்கியிலிருந்து வண்டியை இறக்கும் முன்பே தட்டைத் திருகி 10 மி.மீ. அமுக்கி வைத்தாலும், இறக்கியபின் மொத்தம் அமுங்குவது அதே 80தான். முன்பே 10 போய்விட்டதால் வண்டி 10 மி.மீ. உயரமாக நிற்கும், அவ்வளவுதான். அடுத்த மி.மீ.க்கும் அதே 4 கிலோதான் வேண்டும். கூடவே ஒரு நஷ்டமும் உண்டு. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தில் 10 மி.மீ. குறைந்துவிடும்.

இதை எனக்குக் கையில் காட்டியவர் சிங்காநல்லூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணா. வளைந்த ஸ்பேனரால் கீழ்ப் பிராக்கெட்டைத் தட்டிக் காட்டி, "அம்மிணி, உயரத்தை மாத்தறதுக்கு ஸ்பிரிங்கைத் தொடக் கூடாதுங். இந்தக் கீழ பாகத்தைத் திருகோணும். அப்பத்தான் ஷாக் நடக்கற தூரம் அப்படியே இருக்கும்" என்றார். மலிவு கிட்டுகளில் இந்தக் கீழ்ப் பாகம் தனியாகத் திருகாது. தட்டை இறக்கித்தான் வண்டியை இறக்க முடியும். ரொம்ப இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து, ஜாக்கி போட்டுத் தூக்கும்போது லொடலொடவென்று ஆடும். காயிலோவர் வாங்கும்போது பிராண்டுக்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

எவ்வளவு இறக்குவது? எனக்கு அந்த 11 பதில் சொன்னது. தரையிலிருந்து, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகட்டின் அடி வரை அளந்தால் 165 மி.மீ. இருந்தது. பின் சக்கரத்தில் மி.மீ.க்கு 3 கிலோ விறைப்பு என்று வைத்தால், குடும்பமும் பெட்டிகளும் பின் அச்சில் 180 கிலோ ஏற்றும்போது பின்பக்கம் 30 மி.மீ. இறங்கும், முன்பக்கம் 7 அல்லது 8. நடு வயிறு சுமார் 20 மி.மீ. தரைக்கு நெருங்கும். நான் 40 மி.மீ. இறக்கினால் 125, அதில் 20 போனால் 105. தெருமுனையிலேயே உரசிவிடும். 25 மி.மீ. இறக்கினால் 140, சுமையோடு 120. ஒரு செ.மீ. மிச்சம், மெதுவாகக் குறுக்காக ஏறி இறங்கினால் போதும். 25 என்று முடிவானது இப்படித்தான்.

40, 50 என்று இறக்கியவர்களுடைய வண்டி பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் போலோவின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ரொம்ப இறக்கினால், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாடி இறங்கியதைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். பாடியின் எடைக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடுவதால், தாழ்ந்த வண்டி வளைவில் கூடுதலாகச் சாயப் பார்க்கும்! அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்கு வந்து சேரும். ஏரில் வண்டியைத் தரையோடு படுக்க வைத்து ஓட்டினாலும் இதே சிக்கல்தான், பம்ப் ஸ்டாப் என்ற கடைசித் தடுப்பு ரப்பரின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். காற்றால் தாழ்த்துவது நிறுத்தி வைக்கத்தான். ஓட்டும் உயரம் வேறு.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாட்டுவதற்கு முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

நான் காயிலோவர் வாங்கினேன். எனக்கு வந்த விலைப்பட்டியலில் ஏர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் விலை ஒன்றே முடிவு செய்யவில்லை. மாதத்தில் இருபத்தைந்து நாள் நான் தனியாக ஓட்டுகிறேன். சுமை அதிகம் மாறாத வண்டிக்குக் காற்றின் பெரிய வரம் வீணாகப் போகும். எனக்குத் தேவை ஒரே உயரம், ஒரே விறைப்பு, அதற்குப் பொருந்திய நல்ல ஷாக். டிக்கி நிறையக் கல்யாண ஆல்பமும் கேமராவும் ஏற்றி, நான்கு ஆளோடு வாரத்தில் மூன்று நாள் வெளியூர் போகும் ஒரு புகைப்படக்காரர் எதை மாட்டலாம் என்று கேட்டிருந்தார். அவரிடம் ஏர் என்றுதான் சொன்னேன், உயரம் பார்க்கும் கன்ட்ரோலரோடு, ஷாக்கைக் கையால் மாற்றும் வசதியோடு. பேஸ்மென்ட் பார்க்கிங்கின் சரிவு செங்குத்தாக உள்ளவர்களுக்கும் அதுதான் சரி. திருப்பூர் நண்பன் இன்னும் ஏரில்தான் இருக்கிறான். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எல்லாக் குழாய் முனைகளையும் நேராக வெட்டி மாட்டினோம். அதற்குப் பிறகு ஒருநாளும் உட்காரவில்லை.

மாட்டிய அன்று பட்டறையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இருந்தேன். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையும் அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதினோம். டயர் காற்று மாறினாலும் இந்த அளவு மாறாது என்பதால் தரையிலிருந்து அளப்பதைவிட இது மேல். ஸ்பிரிங் படிந்து இன்னும் சில மி.மீ. இறங்கும், 500 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள் என்றார் அண்ணா. இறங்கியது. மறுபடி அளந்து, சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்து, அதன் பிறகு நேராக வால்பாறை. பதினான்காவது வளைவுக்கு முன் ஒரு ஒட்டுப்போட்ட பள்ளம் உண்டு, என் பழைய ஷாக் மூன்றுமுறை ஆடும் இடம். இப்போது ஒருமுறை இறங்கி, ஏறி, நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கில் அது நின்ற நொடியைக் கையால் உணர முடிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குப் போன வருடம் வலது முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது அதைத்தான். அவர் எதையும் வாயால் சொல்பவரில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது கவனித்தேன். முன்பெல்லாம் இருக்கையிலிருந்து சாதாரணமாக எழுந்து வருபவர், இப்போது கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து, ஒரு மூச்சு நின்று, பிறகு எழுகிறார். 25 மி.மீ. என்பது என் கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேல். அவர் முழங்காலுக்கு அது தெரிகிறது.

நண்பனின் வண்டியாக இருந்தால் ஒரு பட்டன். எனக்கு அரை நாள் வேலை. வரும் ஞாயிறு பட்டறையில் முன்பக்கக் கீழ் பிராக்கெட்டைத் திருகி 10 மி.மீ. ஏற்றுகிறோம், பின்பக்கமும் அதே அளவு. திங்கட்கிழமை அலைன்மென்ட். செவ்வாய் அப்பாவுக்கு பிசியோதெரபி. அன்று அவர் இறங்கும்போது கைப்பிடிக்குக் கை போகிறதா என்று பார்க்க வேண்டும்.